எதிர்முறுக்கு

ஆடு பின்பக்கமா நடந்து ஊருக்குள்ள வந்த அன்னைக்கு நான் ராட்டையோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன், அதனால அதை முதல்ல பாத்தவ நானில்ல, ஆனா அதுக்கப்புறம் நடந்த அத்தனையையும் கூட இருந்து பாத்தவ நான்தான். எம்பேரு சீனியம்மா, உசிலங்குளத்துல கிழக்குக் கடைசி வீடு, புருஷன் செத்து பன்னெண்டு வருசம், ஒரே மக ரேணுகா எங்கூடச் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் ஆறு வருசம், வாய் கொஞ்சம் நீளம்னு ஊர்ல சொல்லுவாக, சொல்லிட்டுப் போகட்டும், நீளமா இருக்கப் போய்த்தான் இதைச் சொல்ல ஒரு ஆளிருக்கு.

தீப்பெட்டி ஆபீஸை மூடினதுக்கப்புறம் எங்க ஊர்ப் பொம்பளைக கை சும்மா இருக்கத் தெரியாம துறுதுறுன்னு கிடந்துச்சு, அந்த நேரம் பாத்து ஒரு நூற்புச் சங்கத்துக்காரவுக வந்து அதே ஆபீஸ் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கி, இன்னும் மருந்து வாடை போகாத சுவரோரமா இருபது ராட்டையை வரிசையா எறக்கி, முப்பது நாள் பயிற்சி, கைநூல் நூக்கப் படிச்சவுகளுக்கு வேலை உண்டுன்னு சொன்னாக. சொல்லிக்குடுக்க எபனேசர் சார் வந்தாரு, ஒல்லியான மனுசன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவரு, நாங்க இருபது பேரும் சேந்து பேசுற பேச்சுல அவரு சொல்றது பாதி அவருக்கே கேக்காது.

பாடம் என்னமோ சின்னப் பாடம்தான். வலது கை சக்கரத்தைச் சுத்தணும், இடது கை பஞ்சுப் பட்டையைப் பூப்போலப் பிடிச்சுக்கிட்டு கதிரு, அதான் சக்கரத்தோட சேந்து சுத்துற கம்பி, அது நுனியிலருந்து பின்னால இழுத்துக்கிட்டே போகணும், கை முழுநீளம் போனதும் நிறுத்தி, இழைக்கு இன்னும் கொஞ்சம் முறுக்குக் குடுத்து, அதைக் கதிருல சுத்திவிட்டுட்டு மறுபடி முதல்லருந்து, அவ்வளவுதான். சுத்துறது கூடுனா முறுக்கேறிச் சுருண்டுக்கும், இழுக்கிறது கூடுனா அந்து போகும், இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடத்துல நூலு இருக்கு, அந்த இடம் எதுன்னு கைக்குத்தான் தெரியும், மூளைக்குத் தெரியாது, எங் கைக்கு அதுவும் தெரியல. முதல் வாரம் முழுக்க நான் நூத்ததைவிட வைததுதான் சாஸ்தி, எங்க காலடியில அந்துபோன இழை எல்லாம் நாவிதர் கடை முடியாட்டம் குமிஞ்சு கிடந்துச்சு.

எனக்கு அடுத்த ராட்டையில பரிபூரணம். நாங்க பூரணம்னுதான் கூப்பிடுவோம். அவளுக்கு என்னைவிட மோசம், எட்டு நாள்ல ஒரு முழம் நூலு தேறல, காரணம் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், ஆனா அந்தச் சாருக்குத் தெரியாது. பூரணம் பொறவியிலேயே இடதுகைக்காரி. கலியாணம் கட்டி வந்த புதுசுல புருஷன் அய்யாத்துரைக்கு மறதியா இடது கையால சோறு போட்டுட்டா, பீச்சாங்கையால எனக்குச் சோறு போடுறியான்னு அவன் ஊதாங்குழலை எடுத்து அந்த மணிக்கட்டுல ஒரே அடி, எலும்பு விட்டுப்போச்சு. அதுலருந்து பதினோரு வருசத்துக்கு முன்னாடி அவன் லாரியோட போயி வராமப் போற வரைக்கும் அடி வாங்காத வாரம் கிடையாது. அவன் போன அன்னைக்கு அவ வாசல்ல நின்னு அவன் முதுகு குளத்துக்கரை முக்குல மறையிற வரைக்கும் பாத்தா, மறைஞ்ச பிறகும் ஒரு மணி நேரம் நின்னு பாத்தா, அதுக்கப்புறம்தான் வீட்டுக்குள்ள போயி உக்காந்து வயிறாரச் சாப்பிட்டா, அவளே எங்கிட்டச் சொல்லியிருக்கா.

ஒம்பதாம் நாள் மத்தியானம் பூரணத்துக்குக் கோவம் வந்துச்சு. அவளுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்ல, அன்னைக்குத்தான் பாத்தேன். ராட்டையைத் தூக்கி அப்படியே திருப்பிப் போட்டா, அந்த வளைஞ்ச மணிக்கட்டு இடது கையால சக்கரத்தைப் பிடிச்சா, வலது கையில பட்டையை எடுத்தா, சுத்துனா, அவ்வளவுதான், நூலு வந்துச்சு, அந்து போகாம, சுருளாம, ஒரே சீரா வந்துக்கிட்டே இருந்துச்சு, நாங்க பத்தொம்பது பேரும் வாயை மூடிட்டு அதையே பாத்தோம். எபனேசர் சார் வந்து இழையை விரல்ல உருட்டிப் பாத்துட்டு மூஞ்சியைச் சுருக்குனாரு, முறுக்கு மாறி விழுகுதும்மா, எல்லாரு நூலும் ஒரு பக்கம் முறுக்குனா உங்க நூலு எதிர்ப்பக்கம் முறுக்குது, எதிர்முறுக்கு நூலைத் தறியில சேத்தா துணி சுருங்கிக்கும், எடுக்க மாட்டாகன்னு சொன்னாரு. சொல்லி முடிக்கல, வெளிய டீக்கடை முன்னால கூச்சல் கேட்டுச்சு.

நாலு மாசத்துக்கு முன்னாடி சோலையம்மா தொலைச்ச வெள்ளாடு, பைபாஸ் ரோட்டுலருந்து, பின்பக்கத்தை ஊருக்கும் மூஞ்சியை ரோட்டுக்கும் காட்டிக்கிட்டு, பின்னங்காலை முன்னால வச்சு முன்னங்காலைப் பின்னால வச்சு வந்துக்கிட்டிருந்துச்சு. பூரணம் கையை நிறுத்திட்டு எட்டிப் பாத்தா, ஆடு ஒரு காலைத் தூக்குன மானிக்கு நின்னுருச்சு. மறுபடி சுத்துனா, ஆடு நடந்துச்சு. டீக்கடை ராமசுப்பு ரெண்டு தடவை அங்கயும் இங்கயும் நடந்து சரிபாத்துட்டு வந்து, ராட்டையை நிறுத்தாதீக, ஆடு நடு ரோட்டுல நிக்குது, லாரி வருதுன்னு சொன்னான், பூரணம் ஆட்டுக்காகச் சுத்துனா, இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

ஆட்டுக்குப் பிறகு ரெண்டு கோழி, ஒரு எருமைக் கன்னு, அதுக்குப் பிறகு மனுசங்க. போனவுக திரும்பி வந்தாக, நெசமாவே திரும்பித்தான் வந்தாக, முதுகை எங்களுக்குக் காட்டிக்கிட்டு, பையையும் பொட்டியையும் தூக்கிக்கிட்டு, அவ ஒரு இழை இழுத்தா ரோட்டுல ஒவ்வொருத்தரும் நாலெட்டுன்னு வச்சு. சிவகாசிக்கு அச்சாபீஸ் வேலைக்குப் போன பய வந்தான், சீட்டுப் பிடிச்சு ஓடிப்போன தலையாரி வந்தாரு, காதலிச்சு ஓடிப்போன கோனார் வீட்டுப் பிள்ளை வயித்துல பிள்ளையோட வந்தா. எந்தப் பக்கம் சுத்திப் போய்ப் பாத்தாலும் முதுகுதான் தெரிஞ்சுச்சு, மூஞ்சி தெரியல, கூப்பிட்டாலும் பேசல, வண்டியில ஏத்திட்டு வரலாம்னா நாலு ஆம்பளைக சேந்தாலும் தூக்க முடியல, ஆட்டுக்கல்லுக் கணக்கா கனத்தாக. அவுகவுக வீட்டு நிலைப்படியில குதிகால் படுற நேரம், அந்த வீட்டு ஆளு உள்ள நின்னு 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், சொன்னாத்தான் சட்டுன்னு மூஞ்சியைத் திருப்பி, என்னம்மா குழம்பு வச்சிருக்கன்னு கேக்குற மாதிரி ஏதாச்சும் பேசுவாக.

எங்க ஊருக்கு எதையும் பழக்கிக்கிற புத்தி உண்டு. ரெண்டே நாள்ல ராமசுப்பு பெஞ்சியைத் தள்ளிப் போட்டான், பின்பக்கமா வர்றவுக தட்டி விழக்கூடாதுன்னு. பஞ்சாயத்துல ரோட்டோரப் பள்ளத்தை எல்லாம் மூடுனாக, பத்து வருசமா மூடச் சொல்லி நடந்தோம், அப்ப மூடல. பூரணம் சாயங்காலம் கையெடுத்துட்டா அவுகவுக நின்ன இடத்துலயே நிக்கணும், ஞாயித்துக்கிழமை பூராவும் வெயில்ல நிக்கணும், அதனால குடை குடுத்து விட்டாக, தலையில துண்டு போட்டு விட்டாக, பக்கத்து ஊர்க்காரவுககூட உங்க ஆளு ஒருத்தர் எங்க ஊருல, உங்க ஊருப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்காருன்னு போன் பண்ணிச் சொன்னாக. பெரிய சண்டையே அது யாரு முதுகுங்கிறதுலதான் வந்துச்சு. இது எங்கண்ணன் முதுகு, இல்ல எங்க மச்சான் முதுகுன்னு ரெண்டு குடும்பம் ஒரு முதுகுக்கு அடிச்சுக்கிட்டாக, கடைசியா அது மூணாவது வீட்டுப் படியில போயி ஏறுச்சு. ஒருத்தர் வீட்டை விட்டுப் போனா நாம கடைசியாப் பாக்குறது முதுகைத்தான், ஆனா பாத்து வச்சிருக்கவுக கம்மி.

நான் பாக்கல. ரேணுகா போன அன்னைக்கு நான் அடுப்பைப் பாத்துக்கிட்டுத் திரும்பாமலே பேசிக்கிட்டிருந்தேன், கதவுச் சத்தம் கேட்டுச்சு, போகட்டும், பசிச்சா வருவான்னு குழம்பைக் கிண்டுனேன். பெத்த மக முதுகு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. வந்தவுகளை எல்லாம் நான் பாத்த பார்வை எனக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பொம்பளைப்பிள்ளை முதுகு கூடவும் நடந்தேன், ஒவ்வொண்ணும் எங்க தெரு வரைக்கும் வந்து வேற வீட்டுல ஏறுச்சு.

பூரணத்தை ஊரு எப்படித் தாங்குச்சுன்னு சொல்லணும். காலையில இட்லி ஒரு வீடு, மத்தியானம் சோறு ஒரு வீடு, பட்டையை முறையா எடுத்துக் குடுக்க ஒரு ஆளு, மணிக்கட்டு வலிக்கும்னு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவ ஒரு ஆளு, எந்தக் கையைப் பீச்சாங்கைன்னு சொன்னாகளோ அந்தக் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாக. அவ முதல்ல வெக்கப்பட்டா, பிறகு சிரிச்சா, பிறகு சிரிக்கிறதை நிறுத்திட்டா. பதிமூணாம் நாளு எங்கிட்ட மெதுவாக் கேட்டா, யக்கா, வாரது யாருன்னு நான் பாத்துப் பாத்து இழுக்க முடியலையே, எல்லாரும்ல வாராகன்னு. அவ எதை நினைச்சுக் கேக்குறான்னு எனக்கு அந்த நிமிசமே புரிஞ்சுபோச்சு, புரியாத மாதிரி பட்டையை எடுத்துக் குடுத்தேன். அன்னையிலருந்து ஒவ்வொரு இழைக்கும் அவ சன்னல் வழியா மேற்கே ரோட்டைப் பாப்பா, ஒரு இழை, ஒரு பார்வை, ஒரு இழை, ஒரு பார்வை.

இருபத்திரெண்டாம் நாளு ரெண்டு சேதியும் ஒரே பஸ்ஸுல வந்துச்சு. கண்டக்டர் சொன்னாரு, எட்டு கிலோமீட்டர் தள்ளி பாலத்துக்கிட்ட ஒரு பொம்பளைப்பிள்ளை நிக்கிது, பச்சைச் சுடிதாரு, தோளுல பை, உங்க மகளா இருக்குமோன்னு நினைக்கேன்னாரு. அதுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால, ஊருப் பக்கமா ஒரு ஆளு, வெள்ளைச் சட்டை, வலது தோளு கொஞ்சம் இறக்கம். நான் அடுத்த பஸ் ஏறிப் போனேன். அந்தப் பிள்ளையைச் சுத்திச் சுத்தி வந்தேன், முதுகுதான், அகலமா, சடையைக் குட்டையா வெட்டி விட்டு, கழுத்துல ஒரு மச்சம், ரேணுகாவுக்குக் கழுத்துல மச்சம் உண்டான்னு எனக்கு ஞாபகம் வரல. கையில குடையைக் குடுத்தேன், விரலு வாங்கிக்கிட்டுச்சு. வெள்ளைச் சட்டைக்காரனைப் பாக்காமலே வந்துட்டேன், பாக்கணும்னு இல்ல, அந்தத் தோளை ஊரே அறியும்.

ஆபீஸுக்கு வந்தா பூரணம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, ராட்டை நிக்குது. சுத்திப் பத்துப் பேரு. மேலத்தெரு நாட்டாமை சொல்லிக்கிட்டிருந்தாரு, பதினோரு வருசத்துல மனுசன் திருந்தியிருப்பான், என்ன இருந்தாலும் புருஷன், ஒத்தையில எத்தனை நாளைக்கு இருப்ப, அதோட இன்னும் எத்தனை குடும்பத்து ஆளுக வழியில நிக்காக, உன் ஒருத்திக்காக அவுக எல்லாம் வெயில்ல காயணுமான்னு. அத்தனை பேரையும் விலக்கிட்டு நான் அவ காலடியில உக்காந்தேன். நான் செஞ்சதை நானே சொல்றேன், மறைக்கல. அவ ரெண்டு கையையும் பிடிச்சுக் கெஞ்சுனேன்.

அவ எம் மூஞ்சியைப் பாத்தா. "யக்கா, ஓம் மக வார ரோட்டுலதான் அவனும் வாரான். அவன் முன்னால, அவ பின்னால. அவன் வராம அவ வர முடியாது."

"நாங்க இருக்கோம்ல தாயி," அப்படின்னேன் நான்.

சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுச்சு. அப்பயும் நாங்க இருந்தோம்ல. அவன் அடிச்ச காலத்துல எல்லாம் நாங்க அஞ்சு வீடு தள்ளி, மூணு வீடு தள்ளி, அடுத்த வீட்டுல, எங்க வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தோம், புருஷன் பொண்டாட்டி விசயம்னு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சோம், அவ மறுநாளு குழாயடிக்கு வந்தா அவ கண்ணைப் பாக்காமக் குடத்தை நவுட்டி விட்டோம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா, தெரியும். அவ எங் கையிலருந்து கையை உருவிக்கிட்டா, பட்டையை எடுத்தா, சுத்த ஆரம்பிச்சா. பயத்துல கை வேகமா ஓடுச்சு, அவ்வளவு வேகமா அவ நூத்து நாங்க பாத்ததில்ல, இழை மட்டும் அந்து போகல, அந்து போகட்டும்னு அவ வேண்டியிருப்பா, பழகுன கை விடல.

மறுநாள் காலையில நான் வீட்டைக் கழுவி, வாசல் தெளிச்சு, காத்து வரட்டும்னு பின்கதவையும் தொறந்து வச்சுட்டு ஆபீஸுக்குப் போனேன், எங் கணக்குக்கு ரேணுகா வர சாயங்காலம் நாலாகும். பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டை குளத்துக்கரை முக்குத் திரும்புச்சு. பூரணம் சன்னலைச் சாத்திட்டுச் சுத்துனா. பன்னெண்டரைக்கு அவன் அவ வீட்டுக்கு வந்துட்டான்னு சொன்னாக. வீடு பூட்டியிருந்துச்சு, சாவி அவ இடுப்புல. அவன் குதிகால் பூட்டுன கதவுல இடிச்சுச்சாம், இவ ஒரு இழை இழுத்தா அங்க ஒரு இடி, ஒரு இழை, ஒரு இடி, அந்தச் சத்தம் மேலத்தெரு பூராவும் கேட்டுச்சாம். சாவியைக் குடு, தொறந்து நாங்களே உள்ள நின்னு கூப்பிடுறோம், அவன் சித்தப்பன் மகன் இருக்கான், வீட்டு ஆளுதானேன்னு நாட்டாமை ஆளனுப்புனாரு, அவ தலையைத் தூக்கல. ரெண்டாவது தடவை ஆளு வந்துச்சு, மூணாவது தடவை அவரே வந்தாரு, ஒரு மனுசனை வாசல்ல நிறுத்தி வைக்கிறது இந்த ஊருக்கே கேவலம்னாரு. சொல்லிட்டு, ரெண்டு மணிக்குள்ள சாவி வரலைன்னா கதவை உடைப்போம்னுட்டுப் போனாரு.

அவரு தலை மறைஞ்சதும் பூரணம் சுத்துறதை விடாமலே வலது கையிலிருந்த பட்டையை மட்டும் எங்கிட்டக் குடுத்து, இழுக்கச் சொல்லிட்டு, இடுப்புலருந்து சாவியை எடுத்து எம் மடியில போட்டா.

"யக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன். வான்னு சொன்னாத்தான் நிக்காக. சொல்லலைன்னா, நான் சுத்துற வரைக்கும் போய்க்கிட்டேதான இருக்கணும். நீ போயி முன்கதவைத் தொற, பின்கதவையும் தொற. வாயை மட்டும் தொறக்காத. அங்க நிக்கிறவுக யாரையும் உள்ள விடாத."

எனக்கு என்ன ஆச்சுன்னா, நெஞ்சுல ரெண்டு கடிகாரம் அடிச்சுச்சு. எம் மக வர நேரமாயிருச்சோன்னு ஒண்ணு, சாவி கையில இருக்கேன்னு ஒண்ணு. நாலு மணிக்குத்தானே வருவா, போயிட்டு ஓடி வந்துரலாம்னு சொல்லிக்கிட்டேன். பட்டையை அவகிட்டக் குடுத்துட்டு ஓடுனேன்.

மேலத்தெருவுல கூட்டம். சாவி வந்துருச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம், வழி விட்டாக. அந்த முதுகைத் தாண்டி நான் பூட்டைத் தொறக்கணும், அவன் வேர்வை வாடை பதினோரு வருசமா மாறல. பூட்டைத் தொறந்தேன், உள்ள போனேன், எம் பின்னாலயே சித்தப்பன் மகன் நுழையப் பாத்தான், ஒரே தள்ளு, தள்ளிட்டு நேரா நடந்து அடுப்படி தாண்டிப் பின்கதவைத் தொறந்து விட்டுட்டுச் சுவரோட ஒட்டி நின்னேன். அவன் குதிகால் நிலைப்படியில ஏறுச்சு. கூப்பிடு, கூப்பிடுன்னு வெளிய சத்தம், நாட்டாமையே வாப்பா அய்யாத்துரைன்னாரு, வெளிய நின்னு சொன்னா எடுபடாது. நான் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டேன். ஊருலயே வாய் நீளமானவ வாயைப் பொத்திக்கிட்டு நிக்க, அவன் அவ கூடத்தைத் தாண்டி, அவ அடுப்படியைத் தாண்டி, பின்கதவு வழியா எறங்கிப் போனான். அதுக்குள்ள கிழக்கேருந்து சோலையம்மா ஓடி வாரா, சீனி, ஓம் மக வந்துட்டா, ஓம் வீட்டுல யாருமே இல்லையேன்னு.

பூரணம் பயத்துல வேகமாச் சுத்துனதை நான் கணக்குல எடுக்கல. அவன் கதவுல இடிச்சு நின்ன நேரத்துல எம் மக அவனைத் தாண்டி வந்திருக்கா. நான் ஓடுன ஓட்டம் எனக்கே தெரியல, போய்ப் பாத்தா முன்கதவு தொறந்து கிடக்கு, பின்கதவு தொறந்து கிடக்கு, கழுவிவிட்ட ஈரத் தரையில செருப்புத் தடம், குதிகால் முன்னால விரல் பின்னால, நேரா உள்ள வந்து நேரா வெளிய போயிருக்கு. பச்சைச் சுடிதாரு கிழக்கு ரோட்டுல ஏறிப் போய்க்கிட்டிருக்கு. நான் வான்னு கத்துனேன், வா தாயின்னு கத்துனேன், தொண்டை கிழியக் கத்துனேன், நாலெட்டு, நாலெட்டு, போய்க்கிட்டேதான் இருந்தா.

போயி ராட்டையை நிறுத்தச் சொல்லுடின்னா சோலையம்மா. நானும் அதுக்குத்தான் ஓடுனேன், மறைக்கல. ஆபீஸ் வாசல்ல மூச்சு வாங்கி நின்னேன், பூரணம் எம் மூஞ்சியைப் பாத்தா, நடந்தது என்னன்னு அவளுக்கு எம் மூஞ்சியிலயே தெரிஞ்சுபோச்சு.

"நிறுத்தட்டுமா யக்கா?"

அவ கேட்டா, நெசமாவே கேட்டா, நான் ஆமான்னு சொன்னா நிறுத்தியிருப்பா. அவன் அந்நேரம் அவ கொல்லையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரோரம் போயிருப்பான். அங்க நின்னான்னா நிப்பான், எங்க ஊர்க்காரவுக இரக்கப்பட்டவுக, குடை குடுப்பாக, துண்டு போட்டு விடுவாக, நாளைக்கோ நாளைக் கழிச்சோ அவனை அவ வீட்டுல சேக்க ஏதாச்சும் ஒரு வழி கண்டுபிடிச்சு அவளை வான்னு சொல்ல வைப்பாக. இந்தப் பக்கம் எம் மக கிழக்கே போய்க்கிட்டிருக்கா.

"சுத்து," அப்படின்னேன்.

சொல்லிட்டு அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நின்னு என்ன செய்யன்னு தெரியாம நிலைப்படியைப் பாத்தேன், எம் மாமனாரு போட்ட வேப்பங்கட்டை, ரெண்டு பக்கமும் காரை பூசியிருக்கு. மக படிக்கு வர மாட்டான்னா படி மககிட்டப் போகட்டும். கொல்லையிலருந்து கடப்பாரையை எடுத்தேன், காரையைப் பேத்தேன், நிலை ஆடுச்சு, ஒரு பக்கச் சுவரு விரிசல் விட்டுச்சு, விட்டா விடட்டும், கட்டையை உருவி வெளிய இழுத்தேன், சேலைத் தலைப்பைச் சும்மாடாச் சுத்தித் தலையில தூக்கி வச்சேன். வழியில பாத்தவுக எல்லாம் சீனிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னாக. ரெண்டு கிலோமீட்டர், கழுத்து உள்ள எறங்கிருச்சு, எட்டிப் பிடிச்சேன், தாண்டிப் போனேன், தாரு ரோட்டுல அவ வார வழியில கட்டையைக் குறுக்கப் போட்டு, வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி அந்தப் பக்கம் நின்னேன்.

அப்பயும் அது எம் மகதானான்னு எனக்குத் தெரியாது. அகலமான முதுகு, கழுத்துல மச்சம், நான் பாக்காத ஆறு வருசம். வேற வீட்டுப் பிள்ளையா இருந்துட்டா, நான் பேத்த வீடு பேத்ததுதான், சுத்தச் சொன்னது சொன்னதுதான், எம் மக இன்னும் எங்கயோதான். குதிகால் வந்துச்சு, கட்டையில பட்டுச்சு.

"வா," அப்படின்னேன்.

திரும்புனா. மூஞ்சி ரேணுகா மூஞ்சி, கன்னம் வத்தி, மூக்குத்தி இல்லாம. என்னைப் பாத்தா, ரோட்டைப் பாத்தா, காலுக்குக் கீழ குனிஞ்சு அந்தக் கட்டையைப் பாத்தா, காரை ஒட்டிக்கிட்டிருக்கிறதைப் பாத்தா.

"என்னம்மா இது, வீட்டையா பேத்துக் கொண்டாந்த?"

அவளைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுத அழுகையில அவ குடை ரோட்டுல உருண்டு போச்சு. அதுக்குள்ள மேற்கே வெள்ளைச் சட்டை தெரிஞ்சுச்சு. நான் மகளை விட்டுட்டுக் கட்டையைத் தூக்கி ரோட்டை விட்டு ஓரமாத் தள்ளிப் போட்டேன், அவளை அதுமேல உக்கார வச்சு, யாருன்னு கேக்காத, ஒரு வார்த்தை பேசாதன்னு அவ வாயை எங் கையால பொத்துனேன். அவன் எங்க கை எட்டுற தூரத்துல முதுகைக் காட்டிக்கிட்டு எங்களைத் தாண்டிக் கிழக்கே போனான், வலது தோளு இறங்கி, நாலெட்டு, நாலெட்டு. சட்டை நகந்துக்கிட்டே இருந்துச்சு, அப்படின்னா பூரணம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கா. அது புள்ளியாகி, ஏத்தத்துல ஏறி, அந்தப் பக்கம் எறங்கி மறையிற வரைக்கும் நானும் எம் மகளும் அந்தக் கட்டையில உக்காந்து பாத்தோம், மறைஞ்ச பிறகும் வெகு நேரம் உக்காந்து பாத்தோம்.